லாசால் மைதானத்தில் நாவூறு கழித்த கதை

"ஆக்கள் ஓடுறதைப் பார்க்கிறதுக்கும் ஒரு பட்டமோ? பார்க் வாங்கிலை போய்க் குந்தினால் சும்மாவே பார்க்கலாமே, பிள்ளை!"

இதைச் சொன்னவர் என் சித்தப்பா. சொன்ன இடம், மொன்றியலின் வில்லரேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. சொன்ன நேரம், நான் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் படித்து முடித்து, பட்டத்துக்குச் சட்டம் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று. சொல்லிவிட்டு அவர் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா இடம்பெயர்வுகளுக்கு நடுவே ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா எட்டாம் வகுப்பு. இப்போது டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்கிறார். சித்தப்பா எதுவரை படித்தார் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். ஆகவே அந்தப் பட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் வெறும் காகிதமாகப் பார்க்கவில்லை. அம்மா அதைப் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். (கண்ணாடிக்கு மேலேதான். ஆனாலும் துணைவேந்தரின் கையெழுத்து இப்போது கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிகிறது.)

எனக்கும் தலைக்கனம் குறைவில்லை. யாராவது கதவைத் திறந்தால், கதவு திறந்தது என்று நினைக்க மாட்டேன். தோள்மூட்டின் வெளிச்சுழற்சி போதாது என்று நினைப்பேன். பஸ்ஸுக்கு ஓடுகிற கிழவர்களின் குதிக்காலைப் பார்த்து மனதுக்குள் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வேலை கிடைக்கப் பார்த்தது.

இளம் பேஸ்போல் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு கழகம். அதில் பிள்ளைகளின் உடல் வளர்ச்சியைக் கவனித்து அறிக்கை எழுத ஓர் ஆள் வேண்டுமாம். அதன் பொறுப்பாளர் ரெஜான். நரைத்த மீசை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்புக்கு ஆகாது என்பதுபோல் நடந்துகொள்வார். என் பட்டத்தை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார், ஒரு மெல்லிய கோப்பை என் பக்கம் தள்ளினார்.

ஜூட் லெயோன். வயது பதினாறு. எறிவான், அடிப்பான்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். அந்த ஆட்டத்தில் மேட்டில் நின்று பந்து எறிகிறவர் எறிவதோடு சரி. மட்டை பிடிக்கிறவர்கள் வேறு. வளர வளர ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டையும் ஒருவனே செய்வது அபூர்வம். (கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ஆல்ரவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஜூட் இரண்டையும் செய்ய விரும்பினான். ஆனால் எனக்கு முன்னால் போய்ப் பார்த்த ஆள் ஒரே வரியில் முடித்திருந்தார்: "ஓட்டத்தில் சோம்பல். எறிய மட்டும் விடவும்."

"ஞாயிற்றுக்கிழமை லாசாலில் விளையாடுகிறான். திங்கள் காலை உன் அறிக்கை. அதை வைத்துத்தான் முடிவு" என்றார் ரெஜான். அவனைப் பற்றிய முடிவா, என்னைப் பற்றிய முடிவா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று அவருடைய மீசை சொன்னது. அன்றைய பங்கில் மிச்சமிருந்த வார்த்தைகளை மூன்று விதிகளுக்குச் செலவழித்தார். யார் கண்ணிலும் படாதே. குடும்பத்தோடு பேசாதே. கண்டதை மட்டும் எழுது.

முதல் இரண்டையும் நான் எப்படிக் காற்றில் பறக்கவிட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பந்தின் வேகத்தை அளக்க ஒரு ரேடார் துப்பாக்கியும் தந்திருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் வீட்டு வாசலில் நின்று அதைப் பிடித்துப் பழகினேன். எங்கள் தெருவில் வந்த கார்களெல்லாம் என்னைக் கண்டதும் ஆமையாயின. எதிர்வீட்டு மதாம் கதவைத் திறந்து, இருபது வருடமாக நகரசபையிடம் கேட்டும் நடக்காதது இன்றைக்கு நடந்தது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக "மெர்சி" சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா உள்ளே வந்து கேட்டார்:

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. நீ செய்யப்போற வேலை என்ன?"

"திறமையான பொடியங்களைப் போய்ப் பார்த்து, ஆர் பெரிய ஆளாய் வருவினம் எண்டு எழுதுறது அம்மா."

"நல்லாயிருக்கிற பிள்ளையளைப் பார்த்து நல்லாயிருக்கு எண்டு சொல்லுறது."

"ஓம்."

"அப்ப நாவூறு போடுறதுக்கு உனக்குச் சம்பளம் தாறாங்கள்."

இங்கே அம்மாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவரை வாயாரப் புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சியே அவர்மேல் பட்டு ஏதாவது கெடுதல் நடந்துவிடும். அதுதான் நாவூறு. அம்மாவின் கணக்கில் எங்கள் பரம்பரையிலேயே ஆகக் கொடிய நாக்கு என்னுடையது. ஆதாரங்களும் வைத்திருக்கிறார். மச்சாள் ஒருத்தியின் தலைமயிர் நல்ல அடர்த்தி என்றேன். அடுத்த கிழமை பேன். கீழ்வீட்டு அங்கிளின் புதுக் கார் வடிவு என்றேன். பனி அள்ளும் வண்டி வந்து பக்கக் கண்ணாடியைக் கொண்டுபோய்விட்டது. (மொன்றியலில் பனி அள்ளும் வண்டி யாருடைய கண்ணாடியை விட்டுவைத்தது? ஆனால் அம்மாவிடம் இந்த வாதம் எடுபடாது.)

"நாளைக்கு நானும் வாறன்" என்றார். அந்தக் குரலில் அவர் சொன்னால் பிறகு அதில் மறுபேச்சில்லை.

என்னிடம் கார் இல்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவும் பஸ்ஸும் மாறி லாசால் போவது பெரும்பாடு. ஆகவே சித்தப்பாவின் வான் வண்டியிலேயே போவதென்று முடிவாயிற்று. யார் கண்ணிலும் படக்கூடாத என்னுடைய பரிவாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானத்தில் இறங்கியபோது இப்படி இருந்தது: நான்கு மடக்குக் கதிரைகள், ஒரு பூப்போட்ட பெரிய குடை, ஒரு ஐஸ் பெட்டி, அறுபது மட்டன் ரோல்ஸ், ஹோர்னை அடித்து இடம் பிடித்த சித்தப்பா, இளநீலச் சேலையும் ஓடுகிற சப்பாத்துமாக அம்மா.

"எங்கை எங்கடை ஆள்?" என்று சித்தப்பா மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"மெல்ல, சித்தப்பா! நாங்கள் பார்க்கிறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"தெரிஞ்சால் என்ன? இஞ்சை ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது?"

நான் அவரை முறைத்தேன். ஆனால் அந்த யோசனை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு கையில் ரேடார் துப்பாக்கி, மறுகையில் ஸ்டாப்வாட்ச். எழுதக் கையில்லை. கழுத்தில் தொங்கும் ஒலிப்பதிவுக் கருவியில் பேசித்தான் பதிய வேண்டும். பிரெஞ்சில் சொன்னால் சுற்றியிருக்கும் பெற்றோருக்கு விளங்கும். ஆங்கிலத்தில் சொன்னாலும் விளங்கும். தமிழில் சொன்னால்? உளவுத்துறையில் இருக்கவேண்டியவள் நீ என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூட் லெயோன் மேட்டுக்கு வந்தான். பெயரைப் பார்த்து நாலு தலைமுறையாகக் கியூபெக்கில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். மாநிறமாக இருந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நீளக் கை உள்சட்டை. ஹெயிட்டிப் பக்கமாக இருக்கும் என்று முடிவுகட்டினேன். (உடம்பைப் பார்த்து எதையும் சொல்லிவிடுவேன் என்று சொல்லித் திரிந்தவள் நான்தான் என்பதை நினைவில் வையுங்கள்.)

முதல் பந்தை எறிந்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சித்தப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"உது எறி! கை மடக்கி எறியிறான்! நோ போல்!"

"இது கிரிக்கெட் இல்லை, சித்தப்பா. இதிலை எறியத்தான் வேணும்."

"ஒரு குத்தும் குத்தாமல் நேர முகத்துக்கு எறியிறான். அம்பயர் பார்த்துக்கொண்டு நிக்கிறான். என்ன விளையாட்டு இது?"

நடுவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அம்மா, வாயை அடைக்கத் தெரிந்த ஒரே வழியாக, சித்தப்பாவின் கையில் இரண்டு ரோல்ஸைத் திணித்தார். நான் இருவரையும் தெரியாதவள்போல் நாலு அடி முன்னால் போய், வலைவேலியோடு நின்று பதியத் தொடங்கினேன்.

"இலக்கம் பதினேழு. தோள் நல்ல அகலம். கை நீளம். முதுகு வளையாமல் இறங்குறான். பாதம் பெரிசு, உடம்புக்குக் காணாத பெரிசு. இன்னும் வளருவான். சப்பாத்து ஒரு பத்தரை இருக்கும்..."

"பதினொண்டரை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏப்ரிலிலை வாங்கினது. இப்ப அதுவும் காணாது."

நான் திரும்பினேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் அம்மா, மடியில் மகனின் தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி.

"ஆர் பிள்ளை நீ?" என்றார் கண்ணாடியைக் கழற்றி. "ஏன் என்ரை மகனை மாடு வாங்க வந்த ஆள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?"

லெயோன் என்பது மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் உள்ள பெயர் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் ஏதோ முணுமுணுப்பதற்குள் அம்மா ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, நீங்கள் தமிழோ? இருங்கோ, இருங்கோ. ரோல்ஸ் எடுங்கோ. மட்டன் சாப்பிடுவியள்தானே?"

ஐந்து நிமிடத்தில் அவர் பெயர் மேரி, லாசாலிலேயே பதினைந்து வருடமாக இருக்கிறார், ஆறு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி, அம்மாவுக்கு இடுப்பு வலி, எனக்கு இந்த வேலை இன்னும் நிச்சயமில்லை என்ற விவரங்களெல்லாம் இரண்டு பக்கமும் கைமாறின. யார் கண்ணிலும் படாதே: போயிற்று. குடும்பத்தோடு பேசாதே: போயிற்று. நான் தலையில் கைவைத்தேன். (கையில் ரேடார் துப்பாக்கி இருந்ததை மறந்துவிட்டேன். வீங்கியது.)

ஆனால் அந்தப் பேச்சில்தான் கோப்பில் இல்லாத ஒன்றை மேரி அன்ரி சொன்னார்.

"ஒரு மாரிக்குள்ளை ஐஞ்சு அங்குலம் வளர்ந்திட்டான், பிள்ளை. படியிலை இறங்கேக்கையும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறான். வசந்தத்திலை ஒருக்கா ஓடேக்கை தன்ரை காலே தன்னைத் தடக்கி விழுத்திப்போட்டுது. எல்லாரும் சிரிச்சவை. அதுக்குப் பிறகு முழுசா ஓடமாட்டான். எறிஞ்சால் மட்டும் காணும் எண்டு முடிவெடுக்கப்போயினமாம். மட்டையைக் கட்டிலுக்குப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு படுக்கிறான்."

சோம்பல் இல்லை. பயம். புதுக் கால்களை இன்னும் நம்பாத பயம். நான்கு வருடம் படித்த பாடம் ஒன்று என் கண் முன்னால் நின்று கையசைத்தது. எனக்குப் புல்லரித்துப்போய், நெஞ்சு நிறைந்து, குரலும் நிறைந்துவிட்டது.

"அன்ரி, நீங்கள் கவலைப்படாதேங்கோ! உங்கடை மகனைப்போலை ஒரு உடம்பு ஆயிரத்திலை ஒண்டு! என்ன கை! என்ன தோள்! அவனை ஒருத்தராலும்..."

"வாயை மூடு!" என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

பிந்திவிட்டது. அந்த நொடியில்தான் ஜூட் மட்டை பிடித்திருந்தான். பந்து 'டொக்'கென்று எழும்பிப் பறந்தது. அவன் ஓடினான். பாதி ஓட்டம்தான், ஆனாலும் ஓடினான். அடித்தவன் ஓடித் தொடவேண்டிய முதல் தளத்துக்கு நாலு எட்டு இருக்கும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வெட்டிய வாழைபோலச் சாய்ந்தான்.

மேரி அன்ரி என்னைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்.

தசைப்பிடிப்பு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விளையாடினால் வருவது. பயிற்சியாளர் காலை நீவிவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அருகில் இருந்த வாங்கில் கொண்டுவந்து இருத்தினார். இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கினேன். நரம்பு, உப்பு, நீர்ச்சத்து என்று.

"உப்பு என்னட்டை இருக்கு" என்றார் அம்மா.

கைப்பையிலிருந்து ஒரு சுருக்குப் பை வந்தது. கல்லுப்பு, கடுகு, செத்தல் மிளகாய். முதல் நாளே கட்டி வைத்திருக்கிறார். என் நாக்கின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"அக்கா, நாங்கள் வேதக்காரர்" என்றார் மேரி அன்ரி தயங்கி. "உதெல்லாம் எங்களிலை செய்யிறேல்லை."

"அதுக்கென்ன, தங்கச்சி. பிள்ளையின்ரை கால்தானே முக்கியம்."

மேரி அன்ரி மகனைப் பார்த்தார். பங்குத்தந்தை எங்காவது நிற்கிறாரா என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எத்தினை மிளகாய் போடுவியள்?"

"மூண்டு. இவளின்ரை நாக்கெண்டபடியால் ஒன்பது."

அம்மா கையைப் பொத்திக்கொண்டு ஜூட்டின் தலையைச் சுற்றி மூன்று தரம் எடுத்தார். பக்கத்தில் மேரி அன்ரி, பாதுகாப்புக்கு, சிலுவை அடையாளம் போட்டார். ஜூட்டுக்கு முகம் வெளிறியது.

"அக்கா," என்றான் என்னிடம், பாதி பிரெஞ்சும் பாதித் தமிழுமாக, "அது எனக்குத் தெரியும். எங்கடை பெரியம்மா ஒருக்கா கிச்சின்லை செய்தவ. அலாரம் அடிச்சு ஆறு மாடிச் சனமும் இறங்கிச் ஸ்னோவுக்குள்ளை நிண்டது. ப்ளீஸ், நெருப்பு ஒண்டும் இல்லைத்தானே இஞ்சை?"

நானும் அவனும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

வாங்கிலிருந்து இருபது அடியில், காற்று வரும் பக்கமாக, அணிக்குக் காசு சேர்க்க ஆட்டக்காரன் ஒருவனின் தகப்பன் பெரிய கரி அடுப்பில் ஹொட் டோக் சுட்டுக்கொண்டிருந்தார். அம்மா பொத்திய கையோடு அதை நோக்கி நடந்தார்.

"பொன்ஜூர்" என்றார் அம்மா. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது. கையை விரித்துக் காட்டினார். மனிதர் மிளகாயைக் கண்டார், உப்பைக் கண்டார், கடுகைக் கண்டார். தன் சொசேஜ்களுக்கு இவ்வளவு அக்கறையோடு யாரும் உதவ முன்வந்ததில்லை போலும். முகமெல்லாம் சிரிப்பாக அடுப்பு மூடியை அகலத் திறந்து பிடித்தார்.

"மெர்சி" என்று மிச்சப் பாதியையும் சொன்ன அம்மா, அத்தனையையும் தணலில் போட்டார்.

கடுகு வெடிக்கத் தொடங்கியபோதே ஜூட் எழும்பிவிட்டான். "ஓடுங்கோ!" என்று பிரெஞ்சில் தன் அணியைப் பார்த்து ஒரு சத்தம். பிறகு வேலி வாசலால் உள்ளே பாய்ந்து ஓடினான். அடிப்பவன் நிற்கும் தளத்தைத் தாண்டி, முதல் தளத்துக்கான கோட்டில் நேராக, நீளக் கைகள் இரண்டும் வெட்டி வெட்டி, பதினொன்றரைச் சப்பாத்துகள் புழுதி கிளப்ப, முழு ஓட்டம். தடக்கவில்லை. தயங்கவில்லை. கெண்டைக்கால் என்று ஒன்று இருந்ததே அவனுக்கு நினைவில்லை.

அடிப்பவன் நிற்கும் தளத்தை அவன் தாண்டியபோதே என் விரல் தானாக ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது. நான்கு வருடப் படிப்பு மூளையில் ஏறியதோ இல்லையோ, கட்டைவிரலில் ஏறியிருக்கிறது. அவன் முதல் தளத்தைத் தொட்டபோது மறுபடி அழுத்தினேன். எண்ணைப் பார்த்தேன். நம்பாமல் இன்னொருதரம் பார்த்தேன். மூன்றாவது தரம் பார்க்க முடியவில்லை. நெடி வந்து சேர்ந்துவிட்டது.

ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று அதைப் பந்தி வைத்துப் பரிமாறியதுபோல் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தது. நடுவர் முகக்கவசத்தைக் கழற்றத் தெரியாமல் அதற்குள்ளேயே தும்மினார். எதிரணியினர் கையுறைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு மூலைக்கொருவராகச் சிதறினார்கள். ஹொட் டோக் மனிதர் கண்ணீர் வழிய, அப்போதும் மரியாதை குறையாமல், அம்மாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சித்தப்பா குடையை விரித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மழையெண்டால்தானே இது வேலை செய்யும்" என்று இருமலுக்கு நடுவே கண்டுபிடித்தார்.

யாரோ தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார்கள். வந்தார்கள். எரிந்தது என்ன என்று கேட்டார்கள். அங்கே பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்த எங்கள் ஆள் நான்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. முதுகை நிமிர்த்தி, இலக்கணப் பிழையில்லாமல் விளக்கினேன்: "நான் அந்தப் பையனைப் புகழ்ந்துவிட்டேன். ஆகவே அவன் விழுந்தான். ஆகவே என் அம்மா என் புகழ்ச்சியை எரித்தார்."

தீயணைப்பு வீரர் என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு தன் படிவத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். "மசாலா."

அவர்கள் போன பிறகுதான், தூரத்து மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வருவதைக் கண்டேன். கண்ணிரண்டும் கொவ்வைப்பழம். மீசை நனைந்து தொங்கியது. ரெஜான். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று பார்க்க, யார் கண்ணிலும் படாமல், முதலிலிருந்தே இருந்திருக்கிறார்.

அவர் வாயைத் திறந்தார். இருமினார். மறுபடி திறந்தார்.

"திங்கள்" என்றார். போய்விட்டார்.

வான் வண்டியில் திரும்பி வரும்போது நான் அழுதேன். நெடியால் என்று சொன்னேன். என் பட்டத்தைப் பிள்ளையாருக்கு அருகிலிருந்து இறக்கிவிடலாம் என்றும், இனி அவர் கிட்ட நிற்கவே வெட்கப்படுவார் என்றும் சொன்னேன்.

"நாவூறு பட்டிருந்தால் மிளகாய் எரிய நெடி வராது" என்றார் அம்மா. "அதுதான் அதுக்குச் சோதனை. இண்டைக்கு லாசால் முழுக்க இருமினது."

"அதுக்கு?"

"அப்ப உன்ரை நாக்கிலை ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு காலமும் நான்தான் பிழையாச் சொல்லியிருக்கிறன்." ஒரு ரோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார். "நீ வடிவாப் புகழு, பிள்ளை. பயப்படாமல் எழுது."

அன்றிரவு பதினொரு பக்கம் எழுதினேன். கண்டதை மட்டும் எழுது என்ற மூன்றாவது விதியையாவது காப்பாற்றுவோம் என்று. பையன் சோம்பேறி இல்லை. ஒரு குளிர்காலத்தில் ஐந்து அங்குலம் வளர்ந்தவனுக்குத் தன் கால்களோடு பழக நேரம் வேண்டும். எறிந்த மறுநாள் தோளுக்கு ஓய்வு, அன்றைக்கு ஓட்டப் பயிற்சி. எறியவும் விடுங்கள், அடிக்கவும் விடுங்கள். கடைசிப் பக்கத்தில் அந்த ஓட்டத்தின் நேரத்தை எழுதி, குறிப்பு என்ற இடத்தில், நேர்மையாக, 'மிளகாய்ப் புகை' என்று போட்டேன்.

ரெஜான் பதினொரு பக்கத்தையும் என் முன்னாலேயே வாசித்தார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"இதை மறுபடி ஓடிக் காட்டுவானா?" என்றார். "மிளகாய் இல்லாமல்?"

"காட்டுவான்" என்றேன். எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை கழகத்தின் உள்ளரங்கில் ஜூட் வந்து நின்றான். முதல் ஓட்டம், பழைய பாதி ஓட்டம். இரண்டாவதும் அப்படியே. ரெஜான் பேனாவை எடுத்தார். ஜூட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பேனா என்ன எழுதப்போகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் அவனிடம் போனேன். "அண்டைக்குப் புகைக்கு ஓடேக்கை விழுந்தனியோ?" என்றேன் தமிழில்.

"இல்லை."

"அதே கால்தானே?"

நான் திரும்பி நடந்து என் கைப்பையைத் திறந்தேன். உள்ளே கையை விட்டேன். பொத்திய கையோடு வெளியே எடுத்தேன். அம்மா நடந்ததுபோலவே, மெல்ல, அவனை நோக்கி ஓர் அடி வைத்தேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினான். அந்த ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்சே தேவைப்படவில்லை. ரெஜான் பேனாவை மூடியதே போதும். ஓடி முடித்தவன் மூச்சு வாங்கக் கேட்டான்: "அக்கா, கையிலை என்ன?"

விரித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை.

ஜூட் இப்போது எறிகிறான், அடிக்கிறான், தன் காலில் தானே தடக்காமல் படியும் இறங்குகிறான். எனக்கு வேலை கிடைத்தது. ரெஜான் என்னைப் பிறருக்கு அறிமுகம் செய்யும்போது, "இவருடைய முறைகள் வேறு" என்று மட்டும் சொல்கிறார். மேரி அன்ரி தொலைபேசியில் அம்மாவிடம் மிளகாய் எண்ணிக்கை பற்றி ஆலோசனை கேட்கிறார், பங்குத்தந்தைக்குத் தெரியாமல். எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்தால், குளியலறைக்கு அவசரமாகப் போனால்கூட, "ஆர் மிளகாய் போட்டது?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து வரும். கலியாண வீடுகளில் சித்தப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது தீயணைப்பு வண்டிகள் ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடுகின்றன. கடைசியாகக் கேட்டபோது ஹெலிகொப்டரும் வந்திருந்தது.

போன மாதம் அவர் தனக்கென்று ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க் வாங்கில் போய்க் குந்தி, அணில்களை அளக்கிறார். போன கிழமை சாப்பாட்டு மேசையில் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, அந்தச் சிவப்பு அணில் மரத்திலை ஏறேக்கை கெதி, இறங்கேக்கை மந்தம். ஏன் எண்டு உன்ரை படிப்பிலை சொல்லித் தரேல்லையோ?"

"இல்லை, சித்தப்பா. அதுக்கு இன்னும் படிக்கவேணும்."

"இன்னொரு பட்டமோ?"

முருகனுக்கு வலப்பக்கத்தில் அம்மா ஏற்கெனவே ஓர் ஆணி அடித்துவிட்டார். விண்ணப்பத்தை நான் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டேன்.